ஆம்ப்ளிஃபயர் மேல் பழி இல்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முன்பே சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை.

இன்று காலை பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் பாடிக்கொண்டிருக்கும்போது செண்பகா தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். மயக்கம் இல்லை, விழவும் இல்லை. "நிக்க முடியல டீச்சர்" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, அத்தனை பேர் நிற்கும் இடத்தில். போன் வந்ததும் நான்தான் ஆட்டோவில் போய் அழைத்துவந்தேன். ஆட்டோ கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டியிருப்பதால் பள்ளிக்கூடம் மொத்தமும் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அது பழகிப்போனதுதான். செண்பகா ஸ்வெட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இந்த டைரி ஜனவரியில் பட்டாசுக் கடைக்காரர் கொடுத்தது. பிற்காலத்தில் என் வாழ்க்கையை யாராவது அச்சடிக்க விரும்பினால் அவர்கள் சிரமப்படக் கூடாது என்று இன்று முதல் எழுதத் தொடங்குகிறேன். என் பெயர் ஐயாத்துரை. கோவில்பட்டியில் 'ஐயாத்துரை சவுண்ட் சர்வீஸ்' என்றால் விமானத்தில் போகிறவன்கூடக் கீழே எட்டிப் பார்ப்பான். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லை. பெண் கொடுக்க வந்த கூட்டத்தில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பத்திலேயே நாற்பத்தாறு வயதாகிவிட்டது. மூன்று வேளைச் சாப்பாடும் கோமதி அக்கா வீட்டில். செண்பகா அக்காவின் ஒரே மகள். அத்தான் குருசாமி தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. அவர் அதிகம் பேச மாட்டார். அந்தக் குறை தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

"பிள்ளைக்கு ஏதோ சரியில்லன்னு நான் அப்பவே சொன்னேம்லாக்கா" என்றேன்.

"பிள்ளைக்கா சொன்ன? மைக்குக்குச் சரியில்லன்னுல்லா சொன்ன!" என்றாள் அக்கா.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. ஜவுளிக்கடை தள்ளுபடி, கோயில் கொடை விழா, காணாமல் போன ஆடு, எதுவானாலும் என் ஆட்டோவில் ஊர் கேட்பது செண்பகாவின் குரலைத்தான். பத்து வயதிலிருந்து அவள்தான் எனக்குப் பேசிப் பதிவு செய்து தருகிறாள். 'ர'வும் 'ற'வும் தனித்தனியாக விழும். ஆட்டோ தெருமுக்குத் திரும்புவதற்கு முன்பே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த ஜூன் மாதத்திலிருந்து பதிவில் ஏதோ கோளாறு. கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது. நான் மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து ஒரு வாரம் உட்கார்ந்தேன். அதைத்தான் அக்கா குத்திக்காட்டுகிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

குரல் தெளியட்டும் என்று ட்ரெபிளைக் கூட்டிப் பார்த்தேன். இப்போது கம்பளிக்குள்ளிருந்து கொசு பேசுவது போல இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவில்பட்டி வெயிலில் நாய்கூடச் சாக்கடைக்குள் இறங்கிப் படுக்கிறது. செண்பகா மாத்திரம் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறாள். மின்விசிறியைப் போட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். முகம் காலையில் ஊதிக் கிடக்கிறது. சாப்பாடு பாதிதான் இறங்குகிறது, ஆனால் உடம்பு ஏறுகிறது. பழைய சீருடை போடமுடியாமல் அக்கா பக்கத்தையலைப் பிரித்துவிட்டாள். சீப்பில் முடி கொத்தாக வருகிறது.

வைத்தியம் சொல்லாத ஆள் தெருவில் இல்லை. எதிர்வீட்டுப் பிச்சம்மாள் மதினி, "வயசுக் கொழுப்பு, கோமதி. நாலு குடம் தண்ணி எடுக்கச் சொல்லு, கரைஞ்சிரும்" என்றாள். வகுப்பு டீச்சர் சோம்பேறித்தனம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா செல்போன் என்கிறாள். நான் கண்ணேறு என்று ஒரே வார்த்தையில் கண்டுபிடித்துச் சொன்னேன். அத்தனை நாள் ஊர் முழுக்கக் குரல் கேட்டால் கண் படாமல் என்ன செய்யும்? மிளகாய் சுற்றிப் போட்டோம். எனக்குத்தான் இருமல் வந்தது.

சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, படிக்கப் பிடிக்கலன்னா மாமாகிட்ட சொல்லு. நான் உங்க அம்மாட்ட பேசுதேன்."

"படிக்கத்தான் செய்யுதேன் மாமா. ஒரு பக்கத்த முடிச்சிட்டு அடுத்த பக்கம் போனா, முந்தின பக்கம் அழிஞ்சி போயிருது." ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்குள்ள எல்லாமே மெதுவா ஓடுது. உங்க பழைய டேப்புல பெல்ட் லூசானா பாட்டு இழுக்கும்லா, அப்படி."

பெல்ட் லூசானால் மாற்றிவிடலாம் என்று சொன்னேன். அவள் சிரிப்பதற்காகச் சொன்னது. சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பெண்கள் சமாசாரம் என்று அக்கா என்னை வெளியே போகச் சொன்னாள். ஆனால் எனக்குக் காது கூர்மை. மாதக் கணக்கு தப்புகிறதாம். பிச்சம்மாள் மதினி அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்து, தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரிடம் பகிர்ந்திருக்கிறாள். அக்கா அழுதுகொண்டே செண்பகாவைக் கேட்டிருக்கிறாள். செண்பகா, "என்னப் பாத்தா கேக்குத இத?" என்று மட்டும் சொன்னாளாம். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான்.

அக்கா அவள் செல்போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஏல, ஏதாவது பயகிட்ட பேசுதாளான்னு பாரு. உனக்குத்தான் மிஷினெல்லாம் தெரியுமே."

பார்த்தேன். எந்தப் பயலும் இல்லை. அவள் என்னென்ன தேடியிருக்கிறாள் என்று ஒரு வரிசை இருந்தது. 'எப்பவும் ஏன் குளிருது.' 'முடி கொட்டினா புற்றுநோயா.' 'பதினேழு வயசுல திடீர்னு செத்துப்போவாங்களா.'

"பாட்டுக் கேட்டிருக்கா, அவ்வளவுதான்" என்று அக்காவிடம் சொன்னேன். இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு உண்மையைச் சுருக்கிச் சொல்லும் திறமை உண்டு.

பிறகு பிச்சம்மாள் மதினி வாசலுக்கு நேராக ஆட்டோவை நிறுத்தி, டெஸ்ட் பண்ணுகிறேன் என்று முழுச் சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மண்டபத்தில் வரவேற்பு. மணமகன் வீட்டார் ஆறு மாதத்துக்கு முன்பே, "அந்தப் பிள்ளை வந்து மேடையில பேசணும்" என்று சொல்லிவிட்டார்கள். செண்பகா வரமாட்டேன் என்றாள். நான்தான் புது மைக், ஜப்பானில் எனக்காகவே தனியாகச் செய்தது, உன் குரல் தேனாகக் கேட்கும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

"அனைவரையும் வருக வருக என..." அவ்வளவுதான். குரல் கரகரவென்று தடித்து, ஆம்பிளை தொண்டை மாதிரி வந்தது. ஒரு வாண்டுப் பயல் மேடைக்கு முன்னால் அதே மாதிரி பேசிக் காட்டினான். கூட்டம் சிரித்தது. நான் செட்டில்தான் கோளாறு என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். சிரிப்பும் கூடியது.

அவள் மைக்கை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். அலங்காரத்துக்கு வைத்த பூவுக்குப் பக்கத்தில், சத்தம் வராமல். வெளியே ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது, "இனிமே என்னக் கூப்பிடாதீங்க மாமா" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததில்லை என்பதைப் பிற்காலத்தில் படிப்பவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று போனோம். டாக்டர் ஜெசிந்தா. அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆள்.

செண்பகா எதற்கும் ஒரு வார்த்தைதான் பதில் சொன்னாள். "எப்ப இருந்துமா?" "தெரியல." அக்கா சித்திரை என்றாள், அத்தான் ஆடி என்றார். நான் குறுக்கே புகுந்து, "டாக்டர், எங்க பிள்ளை குரல் எப்பேர்ப்பட்ட குரல்னு நீங்க கேக்கணும்" என்று என் போனில் பழைய பதிவை ஓடவிட்டேன். ஜனவரியில் பேசியது, பொங்கல் விளையாட்டுப் போட்டி அறிவிப்பு. பெருமைக்காகத்தான் போட்டேன். டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது இந்தப் பொண்ணா? அடுத்து எப்ப பேசினது இருக்கு?"

ஏப்ரல், ஜூன், ஜூலை என்று வரிசையாகப் போட்டேன். ஒவ்வொன்றிலும் குரல் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நானே அப்போதுதான் கேட்கிறேன். ஜூலையில் "பொதுமக்கள்" என்ற சொல்லை உருட்டி முடிக்க அவளுக்கு ஒரு மூச்சு போதவில்லை.

"இதுக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

"மைக்க மாத்துனேன் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. செண்பகாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, முழுங்கச் சொல்லி கழுத்தையே பார்த்தார். நாடி பிடித்தார். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். காலில் பெட்ரோல் தீர்ந்தது போல மெதுவாக ஒரு ஆட்டம்.

"நீ சோம்பேறி இல்லம்மா. உன் கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலன்னு நினைக்கிறேன். ரத்தம் பாத்து உறுதி பண்ணுவோம்" என்றார்.

செண்பகா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "இதனால செத்துப்போக மாட்டேன்ல டாக்டர்?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர், "அடப் பைத்தியம்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல வேற யாருக்காவது தைராய்டு இருக்கா?"

"எங்க பக்கத்துல அப்படியெல்லாம் ஒருத்தருக்கும் கிடையாது" என்று அக்கா பட்டென்று சொன்னாள்.

தொண்டையில்தான் விஷயம் என்று எனக்கு அன்றே தெரியும். ஒலி சம்பந்தப்பட்ட தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாதா?

செப்டம்பர் 4, வியாழன்

தைராய்டுதான். ஐந்துக்குள் இருக்க வேண்டிய ஒரு எண் அவளுக்கு எழுபதைத் தாண்டிப் போய்விட்டது. மார்க்காக இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம். உடம்பே தன் சுரப்பியை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறதாம். யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணி நேரம் காபி, சாப்பாடு எதுவும் கிடையாது. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். தினமும் என்றால் எத்தனை நாளைக்கு என்று அத்தான் கேட்டார். பெரும்பாலும் வாழ்க்கை முழுக்கப் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த இடத்தில்தான் அக்கா உடைந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, "பதினேழு வயசுலேயே மாத்திரைக்காரின்னு பேர் ஆயிருச்சே. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா என்னன்னு சொல்லுவேன்? யாருக்கும் மூச்சு விடக் கூடாது" என்றாள். பாத்திரம் தேய்ப்பதுபோலச் சொல்லிச் சொல்லித் தேய்த்தாள்.

அதை உள்ளறையிலிருந்து செண்பகா கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். அந்த வீட்டுச் சுவருக்குச் சத்தத்தைத் தடுக்கும் தகுதி கிடையாது.

செப்டம்பர் 6, சனி

மாத்திரைப் பாட்டில் மூடி திறக்காமல் ஜன்னலில் இருக்கிறது.

"போடலயாட்டி?"

"எதுக்கு? மறைச்சு மறைச்சுத் திங்கிற அளவுக்கு அசிங்கம்னா எனக்கு வேண்டாம்."

அத்தான் கெஞ்சிப் பார்த்தார். அவர் கெஞ்சியதையே நான் இப்போதுதான் பார்க்கிறேன். "அம்மாடி, அப்பாவுக்காக" என்று இரண்டு வார்த்தை. அவருக்கு அது ஒரு மாதப் பேச்சு. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இதுவரை இந்த டைரியில் எழுதாத ஒரு செய்தி. எனக்கும் தைராய்டு உண்டு. பத்து வருஷமாக. தம்பட்டம் அடிக்கும் பழக்கம் இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை என் மாத்திரைப் பாட்டிலோடு போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ ஒருத்திதான் மாத்திரைக்காரியா? இந்தா பாரு, நான் உனக்கு சீனியர்" என்றேன்.

அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னல சொல்லுத? எப்பல?"

"பத்து வருஷமாச்சி. மதுரைல பெரிய டாக்டரு பாத்துச் சொன்னாரு. வெளிநாட்டுல படிச்சவரு. என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு. இவ்வளவு தைராய்டோட ஒரு மனுசன் நடமாடுதத நான் பாத்ததே இல்லன்னாரு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"எங்க, நீங்க என்னப் பேச விட்டாத்தான?"

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

செண்பகா கேட்டாள், "பத்து வருசமா தினமும் போடுதீங்களா?"

"ஒரு நாள் தப்புனதில்ல. நான் என்ன தேய்ஞ்சா போயிட்டேன்? அமாவாசைக்குக் கொடிமரம் ஏறி மைக் கட்டுதேன். என் குரலக் கேளு, சிங்கம் மாதிரி இருக்கு. எல்லாம் இதுதான்."

என் பாட்டிலைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பாட்டிலை எடுத்துத் திறந்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

தினமும் விடியற்காலையில் அக்கா வீட்டில் ஆஜர். இரண்டு பேரும் சேர்ந்து போடுகிறோம். பிறகு அரை மணி நேரம் காபி இல்லாமல் உட்கார்ந்திருப்பது, மனிதனுக்கு ஏற்பட்ட சோதனைகளில் பெரியது. அதுவும் அக்கா டிக்காஷன் இறக்கும் வாசனைக்கு நடுவில்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாத்திரையை நான் கடித்துவிட்டேன். கடக்கென்று சத்தம் கேட்டது. "மாமா, அத முழுங்கணும்" என்றாள் செண்பகா. சீனியர்கள் கடிக்கலாம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்றும் வகுப்பில் தூங்கிவிட்டாள். "போட்டு என்ன பிரயோஜனம்?" என்று பாட்டிலைத் தள்ளினாள். டாக்டர் சில வாரம் ஆகும் என்றுதானே சொன்னார் என்று அத்தான் சொன்னார். எனக்கு முதல் ஆறு வாரம் கல் மாதிரி கிடந்ததாகவும், ஏழாவது வாரம் ஆட்டோவை ஒற்றைக் கையால் தூக்கியதாகவும் நான் சொன்னேன். ஒற்றைக் கையா என்று கேட்டாள். இன்னொரு கையில் காபி இருந்தது என்றேன். வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. மாத்திரை உள்ளே போனது.

அக்டோபர் 5, ஞாயிறு

செண்பகா சொன்னாள்: "மாமா, உங்க மாத்திரை டப்பாவ நல்லா மூடி வையுங்க. எறும்பு ஏறுது."

பார்த்தால் உண்மை. என் பாட்டிலைச் சுற்றி ஊர்வலம். அவள் பாட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் ஒரு எறும்புகூட இல்லை. எறும்புகள் அனுபவத்தை மதிக்கின்றன போலும். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தானே துடைத்து, மூடியை இறுக்கி, தன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மறுபரிசோதனை. நான் வாசலில் நிற்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். அக்கா கேட்காமல் உள்ளே இழுத்துப் போய், "டாக்டர், அன்னைக்கு யாருக்கும் இல்லன்னு தப்பாச் சொல்லிட்டேன். இந்தப் பாவி பத்து வருசமா மறைச்சிருக்கான்" என்று போட்டு உடைத்தாள்.

டாக்டர் தலையிலிருந்த கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்படியா? என்ன டோஸ் எடுக்கறீங்க?"

"ஃபுல் டோஸ் டாக்டர்."

"எத்தனை மைக்ரோகிராம்?"

மைக்ரோ என்று காதில் விழுந்ததும் மைக் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தது போல் நடித்து, பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன். நடக்கவில்லை. "இவருக்கும் ரத்தம் எடுங்க" என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். "கூடவே அம்மாவுக்கும் எடுங்க. பொண்ணுக்கு இருக்கு, தம்பிக்கும் இருக்காம். நீங்களும் பாத்துக்கிறது நல்லதும்மா. ரொம்ப நாளா அசதி இருக்கா?"

"அசதி யாருக்கு இல்ல? எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வருஷக்கணக்காக. எனக்கு எப்பவும் இப்படித்தான், எனக்கு எப்பவும் இப்படித்தான்.

ஊசி என்றால் எனக்குப் பயம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டது தூசி விழுந்ததால்.

அக்டோபர் 18, சனி

முடிவுகள் வந்தன. செண்பகாவின் எண் நன்றாக இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், டோஸைக் கொஞ்சம் கூட்டினார்.

அக்காவுக்கும் தைராய்டு. சின்ன அளவில், பல வருஷமாக இருந்திருக்கலாம் என்றார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். "அப்போ நான் இத்தனை நாளு... சோம்பேறின்னு எங்க மாமியாக்காரி சொல்லிச் சொல்லி, நானும் அப்படித்தான்னு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. செண்பகா எழுந்துபோய் அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அடுப்படியில் அழுத அழுகை வேறு, இந்த அழுகை வேறு. எனக்கு ஒலியில் வித்தியாசம் தெரியும்.

என் ரிப்போர்ட்டில் எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. "நார்மல்னு போட்டிருக்கே?" என்றாள் அக்கா.

"பத்து வருசம் ஒழுங்கா மாத்திரை போட்டா நார்மலாத்தான இருக்கும்! நீங்களும் போடுங்க, இப்படித்தான் வரும்."

டாக்டர் என் ரிப்போர்ட்டை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "விட்டுடாதீங்க, தினமும் இவங்ககூட உட்கார்ந்து போடுங்க" என்றார். "உங்க டோஸை மாத்த வேண்டாம்." பெரிய டாக்டர்களுக்கு என்னைக் கண்டால் ஒரு மரியாதை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து மாத்திரை போட்டோம். அரை மணி நேரம் நாங்கள் பலகாரத்தைத் தொட முடியாமல் இருக்க, அத்தான் மட்டும் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டார். அவர் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஸ்வெட்டர் கொடியில் தொங்குகிறது. துவைத்துக் காயப்போட்டதோடு சரி, அவள் எடுக்கவில்லை. "ஃபேனப் போடுங்க மாமா, வேகுது" என்றாள். நான் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று அக்காவும் செண்பகாவும் சண்டை. தட்டு கழுவுவது யார் என்று. செண்பகா எழுந்து நின்று கத்தினாள். நடுவில் தூங்கவில்லை. முழுச் சண்டையும் போட்டாள். அத்தானும் நானும் வாசலில் நின்று நாதஸ்வரம் கேட்பது போலக் கேட்டோம்.

நவம்பர் 28, வெள்ளி

குரல் திரும்பிவிட்டது. வீட்டில் பேசும்போது கவனித்தேன். 'ற' தனியாக விழுகிறது. புது மைக்கைத் துடைத்து எடுத்துப் போனேன். "வேண்டாம் மாமா" என்றாள். "அந்த மண்டபத்துச் சிரிப்பு இன்னும் காதுக்குள்ள இருக்கு." நான் வற்புறுத்தவில்லை. ஒரு தடவை வற்புறுத்தி ஏற்றிவிட்டவன் நான்தான்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. முக்கு மாரியம்மன் கோயிலில் விடியற்காலை பஜனைக்கு என் செட்டுதான், இது பரம்பரை உரிமை. (போன வருஷத்திலிருந்து.) நானே பேசினேன். பிச்சம்மாள் மதினி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். என் குரலில் உள்ள கம்பீரம் அவள் வீட்டு ஜன்னலுக்குத் தாங்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. செண்பகா படிக்க எழுந்தவள், அக்காவோடு கோயிலுக்கும் வந்துவிட்டாள். பஜனைக்கு நடுவில் நான் வீட்டுக்கு ஓடி, பூசை முடியும் நேரத்தில் அவர்கள் கிளம்பும்போதுதான் மூன்று பேரும் மாத்திரை போட்டோம். நல்ல பனி. அக்கா சால்வை போர்த்தியிருந்தாள், நான் மப்ளர் கட்டியிருந்தேன். செண்பகா சும்மா தாவணியோடு நின்றாள்.

பூசை முடிந்து பொங்கல் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். நெய்யும் மிளகும் பச்சைக் கற்பூரமும் மணக்க, சனம் முண்டியடித்தது. பூசாரி, "ஐயாத்துர, வரிசையில வரச் சொல்லு" என்றார். நான் மைக்கை வாயருகில் கொண்டுபோனேன். ஒரு கை வந்து அதை வாங்கியது.

"பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள்."

தெரு நின்றது. பால்காரன் காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தினான். நான் எந்தப் பித்தானையும் தொடவில்லை. தொடத் தேவையில்லை.

"அனைவரும் வரிசையில் வந்து பிரசாதம் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தைராய்டு மாத்திரை போட்டிருப்பவர்கள், என்னையும் என் அம்மாவையும் போல, அரை மணி நேரம் கழித்துப் பெற்றுக்கொள்ளலாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஊருக்கே கேட்டுவிட்டது. பிச்சம்மாள் மதினி வரிசையிலிருந்து திரும்பி, "ஏட்டி செண்பகா, எனக்கும் அதே மாத்திரைதான். அரை மணி நேரம் கழிச்சா திங்கணும்? நான் காபியோடல்லா முழுங்குதேன்!" என்று கத்தினாள். வரிசையில் சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். மண்டபத்துச் சிரிப்பு மாதிரி இல்லை, இது வேறு.

செண்பகா மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, 'ர'வும் 'ற'வும் பிசகாமல் சொன்னாள்:

"சீரக மிட்டாய் போட்டிருப்பவர்கள் இப்பொழுதே வரலாம்."

அத்தான் மூக்கைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

நான் போகவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அரை மணி நேரம் கழித்து, ஆறிப்போன பொங்கலைத்தான் வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த டைரியை அச்சடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு திருத்தம். மற்றதெல்லாம் நான் எழுதியபடி அப்படியே இருக்கட்டும். ஜப்பான் மைக், மதுரை டாக்டர் எழுந்து நின்றது, ஆட்டோவைத் தூக்கியது எதையும் மாற்ற வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும். எனக்குத் தைராய்டு கிடையாது. அந்த வீட்டில் ரத்தம் கொடுத்த மூன்று பேரில் அது இல்லாத ஒரே ஆள் நான்தான். பாட்டிலில் இருந்தது முக்குக் கடை வெள்ளைச் சீரக மிட்டாய். தீர்ந்துவிட்டது. நாளை காலைக்குள் வாங்க வேண்டும்.